ரோலாவின் ஆலமரமும் புலம்பெயர்ந்தோர் கடமையும்

ஷார்ஜாவில் வாழும் தமிழருக்கு ரோலாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரிலிருந்து வந்து இறங்கிய முதல் மாதத்திலேயே மளிகை வாங்கவோ, துணி எடுக்கவோ, வீட்டுக்குப் பணம் அனுப்பவோ, ஊர்க்காரர் ஒருவரைச் சந்திக்கவோ அங்கே சென்றவர்களே பெரும்பாலோர். துபாயில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைவு என்பதற்காக ஷார்ஜாவில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ரோலா ஒரு கடைத்தெரு. ஓர் அறையை எட்டுப் பேருடன் பகிர்ந்துகொண்டு, 'பெட் ஸ்பேஸ்' என்று சொல்லப்படும் கட்டிலிடத்தில் காலம் தள்ளும் தொழிலாளிக்கோ, அங்குள்ள பசுந்திடல்தான் கால் நீட்டி அமர்ந்து ஊருக்குப் பேசக் கிடைத்த ஒரே திறந்த வெளி.

ஆனால், ரோலா என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதை அறிந்த தமிழர் சிலரே. அந்த மரம் தமிழருக்கு மிகவும் பழக்கமான ஆலமரம் என்பதை அறிந்தவர் அவர்களிலும் சிலர்.

ஆலமரத்தை அவ்வட்டார மக்கள் ரோலா என்று அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமி ஆட்சிபுரிந்த காலத்தில், இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டதாகச் சொல்லப்படும் அம்மரம், ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்நகருக்கு நிழல் தந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெயிலுக்கு ஒதுங்க வந்தோரும், வணிகம் பேச வந்தோரும், பெருநாட்களைக் கொண்டாட வந்தோரும் அதன் கீழ்க் கூடினர். 1978இல் மரம் பட்டுப்போயிற்று. அது நின்ற இடத்தில் அதன் நினைவாக ஒரு சிற்பம் எழுப்பப்பட்டது. மரம் போன பின்பும் பெயர் போகவில்லை. இன்று வங்கித் தெரு முதல் பேருந்து நிலையம் வரையிலான ஒரு பெரும் பகுதியை மக்கள் ரோலா என்றே குறிப்பிடுகின்றனர்.

கடல் கடந்து வந்த ஓர் ஆலமரம், வந்த மண்ணில் வேரூன்றி, அம்மண்ணின் மக்களுக்கு நிழல் கொடுத்து, ஓர் ஊருக்கே பெயரானது. வெளிநாட்டில் வாழும் எந்தச் சமூகமும் சிந்திக்க வேண்டிய செய்தி இது. தாங்கள் வாழும் ஊரில் தமிழர் எதை விட்டுச் செல்கின்றனர்? தங்கள் குடியிருப்பின் எதிரே இருக்கும் சிறு பூங்காவுக்கு அவர்கள் என்ன செய்திருக்கின்றனர்?

மூன்று ஆலமரங்கள்

ஆலமரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் வாழ்வு அடிமரத்தை மட்டும் நம்பியதன்று. கிளைகளிலிருந்து இறங்கும் விழுதுகள் நிலத்தைத் தொட்டுவிட்டால் அவையே புதிய அடிமரங்களாகின்றன. தாய்மரம் விழுந்தாலும் மரம் வாழும்.

சென்னை அடையாறில், பிரம்மஞான சபையின் தோட்டத்தில் நிற்கும் ஆலமரம் இதற்குச் சான்று. ஏறத்தாழ 450 ஆண்டு வயதுடையதாகக் கருதப்படும் அம்மரத்தின் நிழலில் அன்னி பெசன்ட்டும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் உரையாற்றியிருக்கின்றனர். 1989இல் வீசிய புயற்காற்றில் அதன் நடு மரம் சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் நின்றன. மரம் இன்றும் பெரும்பரப்பில் படர்ந்திருக்கிறது.

கொல்கத்தாவை அடுத்த ஹவுராவில், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்காவில் உள்ள பெரிய ஆலமரத்தின் கதையும் இத்தகையதே. 1864இலும் 1867இலும் வீசிய இரு புயல்கள் அதைத் தாக்கின. காயம்பட்ட இடத்தில் பூஞ்சை பிடித்து, 1925இல் அடிமரத்தையே வெட்டி அகற்ற நேர்ந்தது. நூறாண்டு கடந்தும், அடிமரமே இல்லாத அம்மரம் ஒரு சிறு காடு போல் வளர்ந்து நிற்கிறது.

இவ்விரு மரங்களும் தாமாகப் பிழைத்துவிடவில்லை. மனிதர் நடமாடும் இடத்தில், இறங்கும் இளம் விழுது நிலத்தை அடையும் முன்பே அதைப் பிடித்திழுக்கவும் ஊஞ்சலாடவும் முறிக்கவும் கைகள் பல உண்டு. நிலம் இறுகிப்போயிருந்தால் விழுது வேர்பிடிக்காது. சிமென்ட் தளம் போட்டுவிட்டால் அதற்கு வழியே இல்லை. ஆகவே விழுதுக்குக் காப்பு வேண்டும். அது இறங்குமிடத்தில் மண்ணைக் கிளறிப் பதப்படுத்த வேண்டும். அதன் மீது ஒருவர் கண் எப்போதும் இருக்க வேண்டும். ஆலமரம் நூற்றாண்டுகள் கடந்து நிற்பதற்கு அதன் இயல்பு பாதிக் காரணம். பெயர் தெரியாத தோட்டக்காரர்களின் தொடர்ந்த கவனம் மறுபாதி.

பொது இடங்களுக்கும் இதே விதி பொருந்தும். அரசு நடுவது அடிமரம். அவ்விடத்தைப் பயன்படுத்தும் மக்கள் இறக்குவது விழுது. அடிமரம் மட்டும் உள்ள பூங்கா நிர்வாகத்தின் சொத்தாக இருக்கும். விழுது இறங்கிய பூங்காவே ஊரின் சொத்தாகும்.

"இது நம் மண் அன்று" என்னும் பேச்சு

வளைகுடாவில் வாழும் தமிழ்ப் பெற்றோரிடம் இதைப் பேசினால் வழக்கமாக ஒரு விடை கிடைக்கும். "நாம் இங்கே பிழைக்க வந்தவர்கள். வேலை உள்ளவரை விசா. விசா உள்ளவரை வாழ்க்கை. இங்கே பூங்காவைப் பார்த்துக்கொள்ளப் பலதியா இருக்கிறது. நமக்கேன் இந்த வேலை?"

இந்த விடையில் உண்மை இல்லாமல் இல்லை. அமீரக நகராட்சிகள் தம் பூங்காக்களை நன்கு பராமரிக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய்வழிச் செலுத்திப் பாலையில் பசுமையைக் காத்து வருகின்றன. வெளிநாட்டினர் பெரும்பாலோருக்கு அங்கே நிலையான குடியுரிமை இல்லை என்பதும் உண்மையே.

ஆனால், இப்பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஷார்ஜாவில் பிறந்து, அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் வளர்ந்து, ஆண்டுக்கு ஒரு முறை முப்பது நாள் ஊருக்குப் போய்வரும் பிள்ளை அது. இங்கே "இது நம் மண் அன்று" என்று அதற்குச் சொல்லப்படுகிறது. ஊரில், "வெளியே போகாதே, வெயில், குளத்தில் இறங்காதே, அழுக்கு" என்று சொல்லப்படுகிறது. நாளை மேற்படிப்புக்காகக் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்லும்போது அங்கும் அது வந்தேறியாகவே தன்னை உணரும். வாழும் இடம் எதையும் தனதெனக் கருதிப் பழகாத பிள்ளைக்குத் தாயகமும் ஒரு விடுமுறைத் தலமாகவே மிஞ்சும். மொழியைக் கற்றுக்கொடுக்க வாரந்தோறும் வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், இந்த இழப்பைக் கவனிக்காமலே இருந்துவிடுகின்றனர்.

ஐந்திணை என்று நிலத்தைப் பகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம், மலர், பறவை, தொழில் என்று வாழ்வை அமைத்துப் பார்த்தது தமிழ் மரபு. எந்த நிலத்தில் வாழ்கிறாரோ அந்த நிலத்தை அறிந்து வாழ்வதே அம்மரபின் சாரம். பாலையையும் ஒரு திணையாகக் கொண்ட மொழியைப் பேசுவோர், பாலை நாட்டில் வாழ்ந்துகொண்டு அதன் மரங்களில் ஒன்றின் பெயரும் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

வன்னி மரம் சொல்லும் உறவு

அமீரகத்தின் தேசிய மரம் காஃப். 2008இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாக அமீரகம் கொண்டாடியபோது அதன் சின்னமாகவும் இம்மரமே தேர்ந்தெடுக்கப்பட்டது. மணற்பரப்பின் அடியில் வெகு ஆழத்துக்கு வேரைச் செலுத்தி நீரைத் தேடிக்கொள்ளும் இம்மரம், மற்றவை கருகும் கோடையிலும் பசுமையாக நிற்கும். ஒட்டகத்துக்குத் தீவனமும் மனிதருக்கு நிழலும் தரும்.

இந்தக் காஃப் மரமே தமிழ்நாட்டின் வன்னி. விருத்தாசலம் கோயில் உட்படப் பல சிவாலயங்களில் தலமரமாக நிற்பது இதுவே. இராஜஸ்தானத்தில் இதன் பெயர் கேஜ்ரி. 1730இல் ஜோத்பூரை அடுத்த கேஜர்லி என்னும் சிற்றூரில், அரண்மனைக் கட்டுமானத்துக்காக இம்மரங்களை வெட்ட வந்த மன்னரின் ஆட்களைத் தடுத்து, அமிர்தாதேவி என்னும் பெண்மணி மரத்தைக் கட்டித் தழுவி உயிர்விட்டார். அவர் உட்படப் பிஷ்னோய் மக்கள் 363 பேர் இறந்தனர் என்பது வரலாறு. அந்நாளின் நினைவாகவே இந்தியாவில் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

துபாய்ச் சாலையோரத்தில் நிற்கும் ஒரு காஃப் மரத்தைக் காட்டி, "இதுதான் உன் பாட்டி ஊர்க் கோயிலில் இருக்கும் வன்னி, இதைக் காக்கத்தான் இராஜஸ்தானத்தில் மக்கள் உயிர் கொடுத்தனர்" என்று ஒரு தந்தை தன் மகளுக்குச் சொன்னால், அந்தப் பெண்ணுக்கு அமீரகமும் அயலாக இராது, தமிழகமும் தொலைவாக இராது.

மரத்தை அறியாமல் நடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வன்னியின் நெருங்கிய உறவான சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. பசுமை வேண்டும், விறகு வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு பரப்பப்பட்ட அது, இராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரை கண்மாய்களையும் தரிசுகளையும் விழுங்கியது. அமீரகத்திலும் அது தன் போக்கில் பரவி, உள்நாட்டுச் செடிகளுக்கு இடையூறாயிற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, நிலத்தைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

கோட்டூர்புரம் காட்டும் வழி

தன்னார்வப் பணி என்றதும் பல அமைப்புகளுக்கு நினைவில் எழுவது மரநடு விழா. ஒரு மரக்கன்று, பன்னிரண்டு பேர், இருபது நிழற்படங்கள். விழா முடிந்த மறுவாரம் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரும் இல்லை. இதைப் பார்த்து வளரும் இளையோர், பொதுப்பணி என்பதே படம் பிடிப்பதற்கான ஏற்பாடு என்று எண்ணினால் பிழை அவர்களுடையதன்று.

சென்னைக் கோட்டூர்புரத்தில் நடந்தது வேறு வகை. அடையாற்றின் கரையில், பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலம் ஒன்று குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டும் இடமாகக் கிடந்தது. 2006இல் 'நிழல்' என்ற குடிமக்கள் அமைப்பு அரசின் இசைவோடு அதைச் சீராக்கத் தொடங்கியது. மாணவரும் ஓய்வுபெற்றோரும் அலுவலகம் செல்வோரும் வார இறுதிகளில் வந்தனர். இடிபாட்டைப் பொறுக்கினர், மண்ணை வளப்படுத்தினர், அம்மண்ணுக்குரிய உள்நாட்டு மரங்களை நட்டனர், உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பினர், களை எடுத்தனர். மறுவாரமும் வந்தனர். அதற்கடுத்த வாரமும் வந்தனர்.

அந்தப் பணிக்குச் சோதனையும் வந்தது. 2015 டிசம்பரில் அடையாற்றில் பெருவெள்ளம் புரண்டு கோட்டூர்புரம் மூழ்கியது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது. தன்னார்வலர்கள் மீண்டும் மண்வெட்டி எடுத்தனர். முன்னர்க் குப்பைமேடாக இருந்த அந்நிலம் இன்று பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வாழும் நகர்ப்புறக் காடாக நிற்கிறது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கோட்டூர்புரத்தில் பணிசெய்த எவருக்கும் அந்நிலத்தில் ஓரடியும் சொந்தமில்லை. நிலம் அரசினுடையது; மரமும் அரசினுடையது. ஆயினும், "இது யாருடைய காடு?" என்று கேட்டால் அங்கு வாரந்தோறும் வந்தவர்களையே ஊர் கைகாட்டும். பட்டாவால் வருவது ஓர் உரிமை. பராமரிப்பால் வருவது வேறோர் உரிமை. முதலாவது புலம்பெயர்ந்தோருக்கு எளிதில் கிட்டாது. இரண்டாவதை எவரும் தடுப்பதில்லை.

பூங்காவைக் காப்போர் யார்?

வளைகுடாவில் இப்பணியைப் பேசும்போது மறக்கக்கூடாத மனிதர்கள் சிலர் உண்டு. காலை ஐந்து மணிக்கு முன்பே முகாமிலிருந்து வண்டியேறி வந்து, சொட்டுநீர்க் குழாயின் அடைப்பை நீக்கி, புல்லை வெட்டி, முந்தைய இரவு மற்றவர்கள் விட்டுச்சென்ற காகிதத் தட்டுகளைப் பொறுக்கும் தொழிலாளரே அங்குள்ள பசுமையை உண்மையில் காப்பவர். அவர்களில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தோரும் உண்டு. வங்கத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தோரும் உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, திறந்த வெளியில் நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது என்று அமீரக அரசு விதித்திருக்கிறது என்றால், மற்ற நேரத்து வெயிலின் கடுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

தன்னார்வப் பணிக்கு வரும் குடும்பங்கள் இவர்களைக் கடந்து செல்லக்கூடாது. தோட்டத் தொழிலாளியிடம் பிள்ளைகள் பெயர் கேட்கட்டும், "அண்ணே, இந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பொறியியல் படித்த தந்தைக்குத் தெரியாத பலவும் அவருக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்கிய பிள்ளை, அதையே வாழ்நாள் தொழிலாகச் செய்பவரை மரியாதையோடு நோக்கக் கற்றுக்கொண்டால், அப்பணியின் பெரும்பயன் கிட்டிவிட்டது எனலாம்.

அதேபோல், ரோலாத் திடலில் விடுமுறை மாலையில் கூட்டமாக அமர்ந்திருக்கும் தொழிலாளரைக் கண்டு முகஞ்சுளிக்கும் குடும்பங்களும் உண்டு. "அங்கே ஒரே கூட்டம், குடும்பத்தோடு போக முடியாது" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. வீட்டில் கூடமும் பலகணியும் குளிர்பதனமும் உள்ளவருக்குப் பூங்கா ஒரு கூடுதல் வசதி. ஓர் அறையில் எட்டுப் பேராக வாழ்பவருக்கோ அது அடிப்படைத் தேவை. பசுந்திடலைக் காப்பது என்னும் பெயரில் எளியவரை அங்கிருந்து விலக்கும் எண்ணம் எந்தத் தமிழ் அமைப்புக்கும் வரக்கூடாது. ஆலமரத்தின் நிழல் ஆள் பார்த்து விழுவதில்லை. அம்மரத்தின் பெயரைத் தாங்கிய இடத்தில் அந்த நீதியே நிலைக்க வேண்டும்.

குப்பைமேட்டிலிருந்து சதுப்புநிலம் வரை

பராமரித்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. பராமரிப்புக்குக் கை போதும். பாதுகாப்புக்குச் சட்டமும் அரசும் வேண்டும். இதற்கு ஷார்ஜாவிலும் சென்னையிலும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு இடங்கள் உண்டு.

ஷார்ஜாவின் வாசித் சதுப்புநிலம் முன்னர்க் குப்பை கொட்டும் இடமாகச் சீரழிந்திருந்தது. ஆட்சியாளரின் முயற்சியால் அது தூய்மைப்படுத்தப்பட்டு, மீண்டும் செடிகொடிகள் நடப்பட்டு, 2007இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2019இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கால் சிதைந்தது. அதைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகள் மனு அளித்தும் கூட்டம் கூட்டியும் நீதிமன்றம் சென்றும் போராடினர். அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றது.

ஒன்றில் அரசு முன்னின்றது. மற்றொன்றில் மக்கள் அரசை முன்தள்ளினர். நாட்டுக்கு நாடு வழி வேறுபடும் என்பதை இளையோர் உணர வேண்டும். தமிழ்நாட்டில் பலகை பிடித்துத் தெருவில் நிற்பது உரிமை. வளைகுடாவில் அது வழியன்று. அங்கே உரிய துறையிடம் முறையாகத் தெரிவிப்பதும், இசைவு பெற்று இணைந்து பணிபுரிவதும்தான் பலன் தரும். ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஸ்கார்பரோவை ஒட்டிய ரூஜ் பள்ளத்தாக்கைக் காக்க, அவ்வட்டார மக்கள் 1970களிலிருந்தே அமைப்பாகத் திரண்டு குரல் கொடுத்தனர். 2015இல் அது கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்காவாயிற்று. வழிகள் மூன்றாயினும் தேவைப்பட்ட பண்பு ஒன்றே: விடாது கவனித்திருத்தல்.

செய்யக்கூடியவை

அமீரகத்தில் தன்னார்வப் பணியை 2018ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. உரிமம் பெற்ற அமைப்புகள் வழியாகப் பதிவுசெய்துகொண்டே பணியாற்ற வேண்டும். நன்கொடை திரட்டுவதற்கும் 2021ஆம் ஆண்டின் சட்டம் தெளிவான வரம்புகளை விதித்திருக்கிறது. ஆகவே, தாமே ஒரு குழுவை அமைத்துப் பணம் வசூலித்துப் பூங்காவில் இறங்குவது கூடாது. இதைத் தடையாகக் கொள்ள வேண்டியதில்லை. வாயில் எது என்று தெரிந்துகொண்டால் போதும். 1991இல் தொடங்கப்பட்ட எமிரேட்ஸ் சுற்றுச்சூழல் குழு நடத்தும் தூய்மைப்பணிகளிலும் மரநடுகைகளிலும் பள்ளிகளும் நிறுவனங்களும் குடும்பங்களும் ஆண்டுதோறும் பங்கேற்று வருகின்றன. நகராட்சிகளும் தன்னார்வலரை வரவேற்கின்றன.

தமிழ் அமைப்புகள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம். ஆண்டுக்கு ஐந்து இடங்களில் ஐந்து விழா எடுப்பதைவிட, ஒரே இடத்தைத் தேர்ந்து, இசைவு பெற்று, குளிர்காலமான நவம்பர் முதல் மார்ச் வரை மாதம் இருமுறை அங்கே செல்வது மேலானது. பதினான்கு வயது மாணவன் அங்குள்ள மரங்களை எண்ணிப் பெயர் எழுதி, தமிழ்ப்பெயர், அரபுப்பெயர், வேளாண் பயன் என்று ஒரு பட்டியல் தயாரிக்கலாம். சிறுவர் பறவைகளைக் கணக்கெடுக்கலாம். தமிழ் வகுப்பு ஆசிரியர் மாதம் ஒரு பாடத்தை மரத்தடியில் நடத்தலாம். 'விழுது', 'மூடாக்கு', 'பாத்தி', 'வேர்பிடித்தல்' ஆகிய சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட, கையில் மண் ஒட்டியிருக்கும்போது சொல்லிக்கொடுத்தால் அவை மறக்கா.

"படிப்பு கெடும்" என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. மாதத்தில் நான்கு மணி நேரத்தில் கெடும் படிப்பு எதுவும் இல்லை. "நாளை நாம் இங்கே இருக்கப்போவதில்லையே" என்போர், அப்பழக்கம் பிள்ளையோடு ஊருக்கும் போகும் என்பதை நினைக்க வேண்டும். பேராவூரணிப் பகுதியைச் சேர்ந்த நிமல் ராகவன் துபாயில் மென்பொருள் துறையில் பணியாற்றியவர். 2018 நவம்பரில் கஜா புயல் தாக்கிய காலத்தில் ஊருக்கு வந்தவர், துபாய் வேலைக்குத் திரும்பாமல், அங்கேயே தங்கிவிட்டார். 2019இல் அப்பகுதி உழவரும் இளைஞரும் பேராவூரணிப் பெரியகுளத்தைச் சீரமைத்த பணியில் முன்னின்று, பின்னர்ப் பல நீர்நிலைகளைச் சீரமைப்பதையே தம் முழுநேரப் பணியாக்கிக்கொண்டார். கோவையில் 2017 முதல் ஞாயிறுதோறும் குளங்களில் இறங்கிக் குப்பை அகற்றிவரும் தன்னார்வலரும் உண்டு.

எல்லோரும் வேலையை விட்டுவர முடியாது, வர வேண்டியதுமில்லை. ஆனால், ஜூலை, ஆகஸ்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பம், கடைகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் ஒதுக்கும் நாட்களில் ஒரு காலைப்பொழுதை ஊர்க்குளத்துக்கு ஒதுக்கலாம். ஷார்ஜாவில் பழகிய கை அங்கே தயங்காது. அங்கே பழகிய கை, பிள்ளை நாளை வாழப்போகும் எந்நகரிலும் தயங்காது.

விழுது இறங்கட்டும்

வளைகுடாவுக்கு வந்த தமிழர் உழைப்பாலும் நேர்மையாலும் நற்பெயர் ஈட்டியிருக்கின்றனர். கட்டடங்களிலும் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் அவர்தம் உழைப்பு கலந்திருக்கிறது. அவ்வுழைப்புக்குக் கூலி கிடைத்தது, கணக்கு முடிந்தது. கூலி வாங்காமல் செய்த ஒன்றே கணக்கு முடிந்த பின்பும் ஓர் ஊரில் எஞ்சும்.

ரோலாவில் நின்ற ஆலமரம் எவரிடமும் குடியுரிமை கேட்கவில்லை. நீர் கிடைத்த இடத்தில் வேர்விட்டது, வந்தோர்க்கெல்லாம் நிழல் தந்தது, 1978இல் பட்டுப்போயிற்று, பெயரை விட்டுச் சென்றது. அதன் அருகே கடை வைத்தும் பேருந்து ஏறியும் பணம் அனுப்பியும் வாழும் தமிழர், அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது தம் பிள்ளைகளின் கையில் ஒரு மண்வெட்டியையும் ஒரு நீர்க்குடத்தையும் கொடுப்பாராயின், அப்பிள்ளைகளுக்குத் தாம் வாழும் ஊர் சொந்தமாகும். ஊர் சொந்தமான பிள்ளைக்குத் தாயகமும் சொந்தமாகவே இருக்கும்.